அப்பாவுக்கு எதிராகத் தீர்ப்பு: மேல்முறையீட்டுக்கு இலவசமாக வக்கீல் கிடைப்பாரா?

ஈசூன் மகள் (சனிக்கிழமை, இரவு 11.40)

வணக்கம். இப்படி ஒரு விஷயத்தைப் பொதுவில் எழுத வேண்டியிருக்கும் என்று நினைத்ததில்லை. ஆனால் சிங்கப்பூரில் இதை யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

என் அப்பாவுக்கு 64 வயது. முன்பு பள்ளிப் பேருந்து ஓட்டினார். இப்போது ஒரு கட்டடத்தில் பாதி நாள் துப்புரவு வேலை, மாதம் 900 வெள்ளி. சில வருடங்களுக்கு முன் தேக்கா பக்கத்தில் சின்னதாக ஒரு பூக்கடை நடத்தினார். அவருடைய நண்பர் ஒருவர் அதில் 38,000 வெள்ளி போட்டார். இரண்டு வருடம் லாபத்தில் பங்கு என்று மாதாமாதம் 400 வெள்ளி அவருக்குப் போனது. கடை நொடித்து மூடிய பிறகு, அது பங்கு இல்லை, கடன் என்று சொல்லி அவர் வழக்குப் போட்டுவிட்டார்.

வக்கீல் வைக்கக் காசில்லை. அப்பா தானே மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் நின்றார். ஆறு நாளைக்கு முன் தீர்ப்பு வந்தது. 38,000 வெள்ளியும் வட்டியும் எதிர்த்தரப்புச் செலவும் அப்பா கட்ட வேண்டும்.

நேற்று இரவு உட்கார்ந்து கோப்பு முழுவதையும் படித்தேன். நண்பர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி ஒன்று இருக்கிறது. தமிழில்தான் எழுதியிருக்கிறார்: 'ஒன் கடையில நான் போட்ட காசு என்னாச்சு?' அவர்கள் தரப்பு கொடுத்த ஆங்கில மொழிபெயர்ப்பில் அது 'நான் உனக்குக் கடன் கொடுத்த பணம்' என்று ஆகியிருக்கிறது. கடையில் போட்ட காசும் கடன் கொடுத்த காசும் ஒன்றா? தமிழ் தெரிந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்களே! அப்பாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. விசாரணையில் மொழிபெயர்ப்பாளர் இருந்தார், ஆனால் இந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று அப்பாவும் கேட்கவில்லை, யாரும் அவருக்குச் சொல்லவும் இல்லை.

மேல்முறையீடு செய்ய இலவசமாக வக்கீல் கிடைப்பாரா? வீட்டில் நான்கு பேர். எனக்குச் சம்பளம் 2,700 வெள்ளி, அம்மா வேலைக்குப் போகவில்லை, தம்பி தேசிய சேவையில் இருக்கிறான். தேக்காவில் ஒருவர் 800 வெள்ளி கொடுத்தால் எல்லாத் தாளும் எழுதித் தருவதாகச் சொல்கிறார். அவர் வக்கீல் இல்லை. போகலாமா? அப்பா மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. வீட்டை எடுத்துவிடுவார்கள் என்று பயப்படுகிறார்.

தையல் அக்கா, உட்லண்ட்ஸ் (ஞாயிற்றுக்கிழமை, காலை 6.15)

தங்கச்சி, முதலில் அப்பாவை எழுப்பி இதைச் சொல்லு. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டைச் சாதாரணக் கடன்காரர் ஒரு தீர்ப்பை வைத்துக்கொண்டு பறிக்க முடியாது. சட்டமே அதைத் தடுக்கிறது. மசேநிதி (மத்திய சேமநிதி) பணத்தையும் தொட முடியாது. சொல்லிவிட்டு இட்லி வாங்கிக் கொடு, மிச்சத்தை அப்புறம் பேசலாம்.

அதற்காக எதுவுமே நடக்காது என்றும் இருந்துவிடாதே. வங்கிக் கணக்கில் கை வைக்கலாம். கடன் 15,000 வெள்ளிக்கு மேல் என்பதால் அப்பாவை நொடித்தவராக அறிவிக்கச் சொல்லி மனுப் போடவும் அவர்களுக்கு வழியுண்டு. மேல்முறையீடு போட்டதாலேயே இதெல்லாம் நின்றுவிடாது. தீர்ப்பை நிறுத்திவைக்கச் சொல்லித் தனியாகக் கேட்க வேண்டும். வட்டி வேறு ஓடும். வழக்கமாகத் தீர்ப்புத் தொகைக்கு வருடம் 5.33 விழுக்காடு. 38,000 வெள்ளிக்குக் கணக்குப் போட்டால் வருடத்துக்கு 2,000 வெள்ளிக்குக் கொஞ்சம் மேல்.

அந்த 800 வெள்ளி ஆளிடம் போகவே போகாதே. வக்கீலாக இல்லாதவர் காசு வாங்கிக்கொண்டு கோர்ட்டுத் தாள் எழுதிக் கொடுப்பது இங்கே குற்றம். அவர் எழுதியது தப்பாகப் போனால் அப்பாதான் அனுபவிக்க வேண்டும்.

நான் இதை வாழ்ந்து பார்த்தவள். தையல் கடை வைத்திருந்தேன். கடை உரிமையாளர் வாடகை பாக்கி, கடையைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் செலவு என்று 27,000 வெள்ளிக்கு வழக்குப் போட்டுத் தீர்ப்பும் வாங்கிவிட்டார். நானும் உன் அப்பா மாதிரி தனியாகத்தான் நின்றேன். தோற்றதும் ஒவ்வொருவரிடமும் 'இலவச வக்கீல் எங்கே, இலவச வக்கீல் எங்கே' என்று கேட்டுக்கொண்டு திரிந்தேன். ஐந்து நாள் வீணாகப் போனது. நான் முதலில் கேட்டிருக்க வேண்டியது வேறு: கெடு என்றைக்கு? நீதிபதி எங்கே தவறினார்?

கெடு ஓட ஆரம்பித்துவிட்டது. அதுவும் நாள் கணக்குத்தான், மாதக் கணக்கு இல்லை. திங்கட்கிழமை காலையில் சைனாடவுன் எம்ஆர்டியில் இறங்கி, அந்த 35 மாடி அரசு நீதிமன்றக் கட்டடத்துக்குத் தீர்ப்புத் தாளோடு போ. 'இந்த வழக்குக்குக் கடைசித் தேதி எது, எந்தப் படிவம்' என்று முகப்பில் கேள். நடைமுறையைச் சொல்வார்கள், ஆலோசனை சொல்ல மாட்டார்கள். தேதியைத் தாளில் எழுதி வாங்கிக் குளிர்பதனப் பெட்டிமேல் ஒட்டு. தவறவிட்டால் நீட்டிக்கச் சொல்லிக் கேட்கலாம்தான். ஆனால் எத்தனை நாள் தாமதம், ஏன் தாமதம், ஜெயிக்க வாய்ப்பு உண்டா, எதிர்த்தரப்புக்குப் பாதிப்பா என்றெல்லாம் பார்த்துத்தான் தருவார்கள்.

இன்னொன்று, இது பலருக்குத் தெரியாது. தகராறில் இருக்கும் தொகை 60,000 வெள்ளியைத் தாண்டாவிட்டால் உயர் நீதிமன்றத்துக்கு நேராக மேல்முறையீடு செய்ய முடியாது. முதலில் அனுமதி கேட்க வேண்டும். உங்களுடையது 38,000, அதனால் அனுமதி வேண்டும். 'நீதிபதி அப்பாவை நம்பவில்லை, அவனை நம்பிவிட்டார்' என்றால் அனுமதி கிடைக்காது. பார்த்ததுமே தெரிகிற சட்டப் பிழை இருக்க வேண்டும். இல்லையென்றால் இதுவரை எந்தக் கோர்ட்டும் முடிவு சொல்லாத பொதுவான கேள்வியாகவோ, மேல் நீதிமன்றம் சொன்னால் ஊருக்கே பயன்படுகிற முக்கியமான கேள்வியாகவோ இருக்க வேண்டும்.

அதனால் 'போட்ட காசு' விஷயத்தில் வக்கீலிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். இது சட்டப் பிழையா, அல்லது நடந்ததைப் புரிந்துகொண்டதில் வந்த பிழையா? இரண்டாவது என்றால் மிகவும் கஷ்டம். ஆனால் உன் பக்கம் ஒரு பலம் இருக்கிறது. தமிழில் உள்ள மூலச் செய்தி ஏற்கெனவே கோப்பில் இருக்கிறது, நீ புதிதாக எதையும் கொண்டுவரவில்லை. மேல்முறையீட்டில் புது ஆதாரம் சேர்ப்பது எவ்வளவு கடினம் என்று போய்ப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். முன்பே முயன்றாலும் கிடைத்திருக்காது என்று காட்ட வேண்டும், தீர்ப்பையே மாற்றக்கூடிய கனமும் அதற்கு இருக்க வேண்டும்.

கேட்பதற்கு இடம்: சமூக மன்றங்களிலும் மற்ற இடங்களிலும் இலவச சட்ட ஆலோசனை நேரம் வைக்கிறார்கள். புரோ போனோ எஸ்ஜி என்ற இலவச சட்ட உதவி அமைப்பு நடத்துவது உண்டு, முன்பதிவு வேண்டும். ஒரு வக்கீல் 20 நிமிடம் உட்கார்ந்து பேசுவார். உனக்காகக் கடிதம் எழுத மாட்டார், கோர்ட்டுக்கு வர மாட்டார். முதல் தடவை நான் போனபோது கடை திறந்த நாளிலிருந்து கதை சொன்னேன். தண்ணீர்க் குழாய் ஒழுகியது, உரிமையாளரின் தம்பி சத்தம் போட்டது, எல்லாம். நிமிர்ந்து பார்த்தால் 14 நிமிடம் போய்விட்டது. அந்தப் பிள்ளை பாவம், நல்ல வக்கீல்தான், மிச்ச ஆறு நிமிடத்தில் அவரால் என்ன செய்ய முடியும்?

இரண்டாம் தடவை ஒற்றைத் தாள் கொண்டுபோனேன். மேலே தீர்ப்புத் தேதியும் தொகையும். கீழே நான்கு வரியில் நடந்தது. அதற்குக் கீழே ஒரே கேள்வி. வந்த வக்கீல் அம்மா தாளைப் பார்த்த இரண்டாவது நிமிடத்தில் கேட்டார்: 'நீங்கள் கொடுத்த 5,200 வெள்ளி முன்பணம் எங்கே கழிக்கப்பட்டிருக்கிறது?' எங்கேயும் கழிக்கப்படவில்லை! நான் ஒரு வருடமாக அந்தக் கோப்போடு தூங்கி எழுந்தவள், என் கண்ணில் படவில்லை. மேல்முறையீட்டுக்குச் செலவு செய்வதற்கு முன் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு எழுதிக் கேளுங்கள் என்றார். கேட்டேன். கழித்துக்கொண்டார்கள். மிச்சம் 21,800 வெள்ளியை மாதம் 600 என்று சுமார் மூன்று வருடத்தில் கட்ட ஒத்துக்கொண்டார்கள். நான் மேல்முறையீடே செய்யவில்லை. உனக்கும் அதுதான் சரி என்று சொல்லவில்லை. உன் விஷயம் வேறு.

நீதிமன்றத்திலேயே கம்யூனிட்டி ஜஸ்டிஸ் சென்டர் இருக்கிறது, 2012இலிருந்து. வக்கீல் இல்லாமல் தானே வழக்காடுபவர்களுக்காகவே வைத்தது. திங்கட்கிழமை போகும்போது அங்கேயும் ஏறி இறங்கு. அப்பாவோடு நீயும் போ. வருகிற வக்கீலுக்குத் தமிழ் தெரியும் என்று சொல்ல முடியாது.

ஜூரோங் வெஸ்ட் காவலாளி (ஞாயிற்றுக்கிழமை, காலை 9.50)

அக்கா எல்லாம் சொல்லிவிட்டார். லீகல் எய்ட் பீரோ பற்றி நான் சொல்கிறேன், நான் அதில் உதவி வாங்கியவன்.

அது சட்ட அமைச்சின் கீழ் இருக்கும் அரசாங்க அலுவலகம், 1958இலிருந்து இருக்கிறது. குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும்தான். சிங்பாஸ் (அரசாங்க இணைய அடையாளக் கணக்கு) வைத்து இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். இரண்டு சோதனை வைப்பார்கள். ஒன்று உங்கள் வசதி, மற்றது வழக்கில் சாரம் இருக்கிறதா என்பது. இரண்டிலும் தேற வேண்டும்.

வசதிச் சோதனையில் வீட்டு வருமானம் மொத்தத்தையும் ஆள் எண்ணிக்கையால் வகுப்பார்கள். 2019இல் இந்த முறை வந்தபோது ஒரு தலைக்கு மாதம் 950 வெள்ளி என்று வைத்தார்கள். உங்கள் கணக்கு 2,700ம் 900ம் சேர்த்து 3,600, நான்கால் வகுத்தால் 900. தம்பியின் தேசிய சேவைப் படியையும் சேர்த்தால் அந்த 950ஐத் தாண்டிவிடும். அதனால் இன்றைக்கு என்ன எல்லை, எதை எதைச் சேர்ப்பார்கள் என்று அவர்கள் இணையப் பக்கத்தில் பார்த்துவிட்டுப் போடுங்கள். சேமிப்புக்கும் ஓர் அளவு உண்டு, 10,000 வெள்ளி என்று வைத்தார்கள், 60 வயதானவர்களுக்கு 40,000. மசேநிதி அதில் சேராது. அப்பாவுக்கு 64 என்பது இங்கே நல்லது. எல்லையைத் தாண்டினாலும் உடனே கைவிடாதீர்கள். எதிர்பாராத கஷ்டம் வந்தவர்களின் விண்ணப்பத்தைத் தனியாகப் பார்க்க ஒரு குழு இருக்கிறது.

என் கதை மணவிலக்கு வழக்கு. முதல் சுற்றுக்கு உதவி கிடைத்தது. அந்தப் பக்கம் மேல்முறையீடு போட்டபோது, நமக்குத்தான் ஏற்கெனவே வக்கீல் இருக்கிறாரே என்று சும்மா இருந்துவிட்டேன். இல்லை, மேல்முறையீட்டுக்குப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும் என்று சொன்னார்கள். பன்னிரண்டு மாதச் சம்பளச் சீட்டு, எல்லா வங்கிக் கணக்கு விவரமும் கேட்டார்கள். சீட்டைத் தேடி எடுக்கவே எனக்கு நான்கு நாள் ஆனது. நீங்கள் இன்றைக்கே எடுத்து வையுங்கள். விண்ணப்பத்தில் கெடுத் தேதியைப் பளிச்சென்று எழுதுங்கள், தொலைபேசியிலும் சொல்லுங்கள்.

முழுக்க இலவசம் என்றும் நினைக்க வேண்டாம். என்னிடம் 300 வெள்ளி பங்குத்தொகை கேட்டார்கள், தவணையில் கட்டினேன். ஆனால் இதில் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது, வக்கீல் கிடைப்பதைவிட எனக்கு இதுதான் பெரிதாகத் தெரிந்தது. உதவி கிடைத்தவர் கோர்ட்டுக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. தோற்றாலும் எதிர்த்தரப்பின் செலவைப் பொதுவாக அவர் தலையில் கட்ட மாட்டார்கள். உதவி இல்லாமல் அப்பா தானே போய்த் தோற்றால் 38,000க்கு மேல் இன்னொரு செலவும் சேரும். இதை யோசித்து முடிவெடுங்கள்.

புதியவன் 88 (ஞாயிற்றுக்கிழமை, மதியம் 1.05)

எம்.பி.யின் மக்கள் சந்திப்புக்குப் போனால் ஒரு கடிதம் கொடுப்பாரே? கோர்ட்டுக்கு அதைக் காட்டினால் உதவியாக இருக்காதா? என்னோடு வேலை செய்யும் அண்ணன் ஒருவருக்கும் இதே மாதிரி பிரச்சினை. அவர் வேலை அனுமதிச்சீட்டில் இருக்கிறார். அவருக்கும் லீகல் எய்ட் கிடைக்குமா?

தையல் அக்கா, உட்லண்ட்ஸ் (ஞாயிற்றுக்கிழமை, மதியம் 2.30)

தம்பி, தீர்ப்பு விஷயத்தில் எம்.பி. தலையிட முடியாது, தலையிடவும் கூடாது. வீட்டுச் செலவுக்கு உதவி, வேலை தேட உதவி என்றால் தாராளமாகப் போகலாம்.

வேலை அனுமதிச்சீட்டில் இருப்பவருக்கு லீகல் எய்ட் பீரோ கிடையாது. டிடபிள்யூசி2, ஹோம் இரண்டும் வெளிநாட்டு ஊழியர்களுக்காகவே இருக்கும் அமைப்புகள், அங்கே அனுப்பு. சம்பளப் பாக்கி என்றால் கோர்ட்டுக்கு முன்னால் சமரசம் பேசும் கட்டம் ஒன்று இருக்கிறது. அதைத் தாண்டித்தான் வேலை நியமன உரிமைகோரல் நடுவர் மன்றத்துக்குப் போக முடியும். அவரையே தனியாக ஒரு கேள்வி போடச் சொல்லு, இங்கே இந்தப் பிள்ளையின் விஷயம் கலைந்துவிடக் கூடாது.

ஈசூன் மகள் (வெள்ளிக்கிழமை, இரவு 10.20)

அக்கா, அண்ணா, எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

திங்கட்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு அப்பாவோடு போனேன். கடைசித் தேதி கிடைத்துவிட்டது. அது இன்னும் தாண்டவில்லை, ஆனால் நாள் குறைவு. அன்று இரவே லீகல் எய்டுக்கு விண்ணப்பித்துவிட்டேன். காலையில் தொலைபேசியில் கெடுவைச் சொன்னேன், குறித்துக்கொண்டார்கள். அப்பாவின் சம்பளச் சீட்டில் இரண்டு மாதம் காணவில்லை. மேற்பார்வையாளர் மறுநாளே அச்செடுத்துக் கொடுத்தார்.

நேற்று சமூக மன்றத்தில் 20 நிமிடம் கிடைத்தது. ஒற்றைத் தாள் கொண்டுபோனேன். வந்தவர் சீன வக்கீல், வயதானவர். 'போட்ட' என்பதற்கும் 'கொடுத்த' என்பதற்கும் என்ன வித்தியாசம் என்று அப்பாவையே கேட்டார். அப்பா ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, 'கோயில் உண்டியல்ல காசு போடுறோம், சாமிக்கு யாராவது கடன் கொடுப்பாங்களா சார்?' என்றார். நான் ஆங்கிலத்தில் சொன்னதும் அவர் சிரித்துவிட்டு அதை எழுதிக்கொண்டார். ஒரு வாரத்துக்குப் பிறகு அப்பா முகத்தில் கொஞ்சம் தெம்பு வந்ததை நேற்றுத்தான் பார்த்தேன்.

ஆனால் அவர் நேராகவே சொன்னார். மொழிபெயர்ப்பு மட்டும் என்றால் பலவீனம், ஏனென்றால் விசாரணையின்போது நாங்கள் எதிர்க்கவில்லை. மாதம் 400 வெள்ளி போனதை நீதிபதி வட்டி என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். வட்டி என்றால் எல்லா மாதமும் ஒரே தொகைதானே வர வேண்டும்? எங்கள் வங்கி விவரத்தில் தீபாவளி மாதம் 650, கடை சரியாக ஓடாத மாதம் 180 என்று மாறி மாறி இருக்கிறது. அந்த விவரமும் கோப்பில்தான் இருக்கிறது. நான் 'மாதம் 400' என்று இங்கே எழுதியதே சராசரிதான், நானே கவனிக்கவில்லை. இரண்டையும் சேர்த்துக் காட்டினால் கேட்பதற்கு ஏதோ இருக்கிறது, அனுமதி கிடைக்கும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன் என்றார். தீர்ப்பை நிறுத்திவைக்கக் கேட்பதையும் மறக்கக் கூடாது என்றார்.

லீகல் எய்ட் பதில் வருவதற்குள் கெடு வந்துவிட்டால் அனுமதி மனுவை நாங்களே போட்டுவிடுவது என்று முடிவு செய்திருக்கிறோம். அதற்காகத் தாளைத் திருத்தி எழுதியிருக்கிறேன். முதல் வரி கடை ஆரம்பித்தது, இரண்டாவது வரி வாட்ஸ்அப் செய்தி, மூன்றாவது வரி 650, 180 கணக்கு. நாளைக் காலை நீதிமன்றத்து கம்யூனிட்டி ஜஸ்டிஸ் சென்டரில் நேரம் கேட்டு எழுதப் போகிறேன். அக்கா, இந்த வரிசை சரியா?

தையல் அக்கா, உட்லண்ட்ஸ் (வெள்ளிக்கிழமை, இரவு 10.45)

மூன்றாவது வரியை மேலே கொண்டுவா. பக்கத்திலேயே வங்கி விவரத்தில் அது எத்தனையாவது பக்கம் என்று எழுது. கடை ஆரம்பித்த கதையை எடுத்துவிடு, கேட்டால் அப்பா சொல்லிக்கொள்வார். உண்டியல் வார்த்தையையும் அவர் வாயாலேயே சொல்லட்டும், நீ எழுத வேண்டாம்.